கண்ணன் மாற்றிய அமாவாசை
பாரதக் கதையின் நிலவுக் கணக்கும் கோலா தெர்லாவின் பஞ்சாங்கமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தெர்லா ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் கோலா தெர்லா. 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஆறு சென்று சேரும் முகத்தைக் குறிக்கும். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இம்மலைப் பகுதியைக் கண்டு எழுதிய பின்னரும், அது நெடுங்காலம் காடாகவே கிடந்தது. தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைந்த 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தை ஒட்டியே இங்குத் தேயிலைத் தோட்டங்கள் வளரலாயின. அத்தோட்டங்களில் கன்று நட்டுக் கொழுந்து பறித்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்தம் மக்களும் ஆவர்.

தோட்டத்துச் சம்பளக் கணக்கு ஆங்கில மாதத்தைப் பின்பற்றியது. தெய்வத்துக்குரிய நாளும் இறந்தோருக்குரிய நாளும் நிலவைப் பின்பற்றின. தைப்பூசம், பங்குனி உத்திரம், திருக்கார்த்திகை ஆகியவை நிலவு குறித்த விண்மீனில் நிற்கும் நாட்கள். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் நாட்கள். பிறந்த குழந்தையின் விண்மீனை அறியவும், இறந்தவரின் திதியைக் குறிக்கவும் தமிழ்நாட்டில் அச்சிட்ட பஞ்சாங்கமே துணையாயிற்று.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ளவர்களுக்காகக் கணித்த அமாவாசை, கோலா தெர்லாவில் வாழ்பவனுக்கும் அதே நாளில் அமாவாசை ஆகுமா? நாளை நிருணயிப்பது ஏடா, வானமா? தமிழர் போற்றும் பாரதக் கதையிலேயே இக்கேள்வி ஒருமுறை எழுந்திருக்கிறது.

சகாதேவன் குறித்த நாள்

போருக்கு முன் களப்பலி கொடுக்க நல்ல நாள் எது என்று துரியோதனன் சகாதேவனிடம் கேட்டான். சோதிடத்தில் பொய் உரையாத சகாதேவன், பகைவன் என்றும் பாராமல், அமாவாசை நாளே ஏற்றது என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். அந்நாளில் துரியோதனன் பலி கொடுத்தால் வெற்றி அவனுக்கே போய்விடும். கண்ணன் ஒரு சூழ்ச்சி செய்தான். அமாவாசைக்கு முன்னாளான சதுர்த்தசியன்றே ஆற்றங்கரையில் அமர்ந்து தர்ப்பணம் செய்யத் தொடங்கினான். கண்ணனே செய்கிறான் என்று முனிவர்களும் செய்தனர். இது முறையன்றே என்று திகைத்த சூரியனும் சந்திரனும் ஒருங்கே வந்து அவனைக் கேட்டனர். "சூரியனும் சந்திரனும் கூடியிருக்கும் நாள்தானே அமாவாசை? இருவரும் இங்குக் கூடிவிட்டீர்களே!" என்றான் கண்ணன். அன்றே பாண்டவர் பக்கம் அரவான் பலியானான்.

வியாச பாரதத்தில் அரவானாகிய இராவான் போர்க்களத்தில் பொருது மடிகிறான். அவன் களப்பலியாவது தமிழ் மரபுக்குரிய செய்தி. கி.பி. 9ஆம் நூற்றாண்டினரான பெருந்தேவனாரும், அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வில்லிபுத்தூராரும் இதனைப் பாடியுள்ளனர். திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் அது கூத்தாக நிகழ்கிறது. கூவாகத்தில் சித்திரை முழுநிலவில் அரவானுக்கு விழா எடுக்கின்றனர்.

கதையை வெறும் வஞ்சகமாகக் கொள்வோர் அதனுள் இருக்கும் வானநூல் உண்மையைத் தவறவிடுவர். அமாவாசை என்பது ஏட்டில் எழுதிய தேதியன்று. பூமியிலிருந்து பார்க்குங்கால் சூரியனும் சந்திரனும் வானில் ஒரே திசையளவில் நிற்கும் கணமே அது. அவ்விலக்கணத்தைக் கல்லாதவரும் மறவாதபடி கதை கற்பித்துவிடுகிறது. நாளை மாற்ற விரும்பிய கண்ணனும் ஏட்டைத் திருத்தவில்லை. சூரியனையும் சந்திரனையும் கூட்டியே அதனை மாற்ற வேண்டியிருந்தது.

இருபத்தேழு மனைவியர்

நிலவைப் பற்றிய இதிகாசக் கதைகளுள் தலையாயது தக்கனின் சாபம். தக்கன் தன் பெண்கள் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணம் செய்து கொடுத்தான். சந்திரனோ ரோகிணி ஒருத்தியிடமே தங்கினான். மற்றவர் முறையிடத் தக்கன் சினந்து, தேய்ந்து போகும் நோயால் வாடுமாறு சபித்தான். தேவர்கள் வேண்டிக்கொண்டதன்மேல், பாதி மாதம் தேய்ந்து பாதி மாதம் வளருமாறு சாபம் தளர்ந்தது. சரசுவதி கடலோடு கலக்கும் பிரபாச தீர்த்தத்தில் நீராடிச் சந்திரன் ஒளி பெற்றான். இன்றைய சோமநாதபுரம் அத்தலத்திலேயே உள்ளது.

நிலவு ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதனையே அடைய ஏறக்குறைய 27.3 நாள் ஆகிறது. எனவே நாளொன்றுக்கு ஒரு மனையாக இருபத்தேழு மனைகளை முன்னோர் வகுத்தனர். ரோகிணியின் சிறப்புக்கும் வானத்தில் காரணம் உண்டு. நிலவு தன் பாதையில் மறைக்கக்கூடிய முதல்தர விண்மீன்கள் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கே. அவற்றுள் செந்நிறமும் மிக்க ஒளியும் உடைய ரோகிணி எளிதில் கண்ணில் படும். நிலவின் பாதை 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருவதால், அச்சுழற்சியில் சில ஆண்டுகள் நிலவு மாதந்தோறும் ரோகிணியை மறைத்துச் செல்லும். 2015 முதல் 2018 வரை அவ்வாறு நிகழ்ந்தது. பார்ப்பவருக்கு இருவரும் ஓரிடத்தில் கூடியதாகவே தோன்றும்.

இக்கதை பாரதத்தில் வரும் இடமும் கருதத்தக்கது. போரில் கலவாத பலராமன் தீர்த்த யாத்திரை சென்று பிரபாசத்தை அடையும் சல்லிய பருவத்திலேயே இது சொல்லப்படுகிறது. பூச நாளில் புறப்பட்டுத் திருவோண நாளில் திரும்பியதாகவும், நாற்பத்திரண்டு நாட்கள் கழிந்ததாகவும் பலராமன் கூறுகிறான். இதனை எவரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். பூசத்திலிருந்து பூசம் வரை ஒரு முழுச்சுற்று. அதன்மேல் திருவோணம் வரை பதினான்கு மனைகள். கூட்டினால் ஏறத்தாழ நாற்பத்தொன்றரை நாள் வருகிறது. நிலவின் நடையை நேரில் கண்டு பழகியவர்களே இவ்வாறு கணக்குப் பிசகாமல் கதை சொல்ல இயலும்.

நிலவின் மகன்

அபிமன்யுவைச் சந்திரன் மகனான வர்ச்சசின் அவதாரம் என்று ஆதிபருவம் கூறுகிறது. மகனை நெடுங்காலம் பிரிந்திருக்க மனமில்லாத சந்திரன், பதினாறு ஆண்டே அவன் மண்ணுலகில் இருப்பான் என்று வரையறுத்தே அனுப்புகிறான். நிலவுக்குப் பதினாறு கலைகள் என்பது பழைய கொள்கை. பதினாறு கலையும் பதினாறு வயதும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதாகக் கொள்வதற்கு மூலமே இடந்தருகிறது.

தமிழ்நாட்டு வரலாற்றிலும் இச்சந்திர மரபின் சுவடு உண்டு. பாண்டியர் தம்மைச் சந்திர குலத்தவராகவும், சோழர் தம்மைச் சூரிய குலத்தவராகவும் பட்டயங்களில் கூறிக்கொண்டனர். மதுரையில் சங்கம் இருந்ததையும், பாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடு ஒரே மூச்சில் பெருமையாகப் பேசுகிறது.

இவ்வெல்லையைத் தாண்டிய விளக்கங்களும் பல. இராமனைச் சூரியனாகவும், கண்ணனைச் சந்திரனாகவும், நரசிங்கத்தைச் செவ்வாயாகவும், வாமனனை வியாழனாகவும் இணைக்கும் பட்டியல் பராசரர் பெயரால் வழங்கும் சோதிட நூலில் உண்டு. குருட்சேத்திரம் மனித உள்ளமே என்றும், போர் நன்மைக்கும் தீமைக்கும் நடப்பதே என்றும் காந்தியடிகள் கீதைக்குப் பொருள் கண்டார். பக்திக்கும் ஒழுக்கத்துக்கும் இவை பயன்படலாம். ஆனால் வரலாற்றுச் சான்றாக இவற்றைக் கொள்வதற்கில்லை. இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

கணக்கு மாறும் இடங்கள்

பதினான்காம் நாள் போரில் சயத்ரதனைக் கொல்லக் கண்ணன் சூரியனை மறைத்தது உண்மையில் சூரிய கிரகணமே என்று விளக்குவோர் உளர். கேட்பதற்கு இனிய விளக்கம். எனினும் பாரதமே இதற்கு இடங்கொடுக்கவில்லை. சூரிய கிரகணம் அமாவாசையில் அன்றி நிகழாது. அமாவாசை இரவில் நிலவு தோன்றாது. துரோண பருவமோ, அன்றிரவு தீவட்டி ஒளியில் போர் நடந்ததாகவும், களைத்த வீரர் சிறிது உறங்கியதாகவும், பின்னிரவில் நிலவு எழுந்தபின் போர் மீண்டும் மூண்டதாகவும் விரித்துரைக்கிறது.

போர் தொடங்கிய நாளிலும் இதே சிக்கல். உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனிடம், இன்னும் ஏழு நாளில் இந்திரனைத் தெய்வமாக உடைய அமாவாசை வருகிறது, அன்று போர் தொடங்கட்டும் என்கிறான். இந்திரனுக்குரிய விண்மீன் கேட்டை. கேட்டையில் தொடங்கும் போரின் பதினெட்டாம் நாளை எண்ணினால் நிலவு பூசத்தில் நிற்கும். பலராமன் திரும்பியதோ திருவோணத்தில். இரண்டும் பொருந்தவில்லை.

போர் அந்த அமாவாசையில் தொடங்கவில்லை என்று சமாதானம் கூறலாம். பதினெட்டாம் நாள் திருவோணம் எனின், முதல் நாள் மிருகசீரிடமாகும். அதாவது மார்கழி முழுநிலவை ஒட்டிய காலம். அப்போது பதினான்காம் இரவில் தேய்ந்த நிலவு பின்னிரவில் எழுவது நன்கு பொருந்துகிறது. ஆனால் பத்தாம் நாள் வீழ்ந்த பீஷ்மர் ஐம்பத்தெட்டு இரவுகள் அம்புப் படுக்கையில் கிடந்தார் என்று கணக்கிட்டால், முடிவில் வருவது தேய்பிறை அட்டமி. மரபு அவருக்குக் குறித்ததோ மாசி மாதத்து வளர்பிறை அட்டமி. ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றொன்று இறுகுகிறது.

இதனால் பாரதம் பொய் என்று ஆகிவிடாது. பல தலைமுறைகளில் பலர் வாயால் வளர்ந்த நூல் என்பதே இதன் பொருள். ஒவ்வொருவரும் தத்தம் நிலவுக் கணக்கைச் சரியாகவே சேர்த்தனர். ஒருவர் கணக்கை மற்றொருவர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆயினும் இவ்வரிகளைக் கொண்டு போரின் ஆண்டைக் காணும் முயற்சி ஓயவில்லை. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு, சக ஆண்டு 556க்கும் பாரதப் போருக்கும் இடையே 3735 ஆண்டுகள் சென்றதாகக் கூறுகிறது. அதன்படி போர் கலியுகத் தொடக்கமான கி.மு. 3102ஐ ஒட்டியது. வராகமிகிரர் எடுத்துக்காட்டும் கணக்கோ, யுதிட்டிரன் காலத்தைச் சக ஆண்டுக்கு 2526 ஆண்டுகள் முன்னதாக, கி.மு. 2449ஐ ஒட்டி வைக்கிறது. காசுமீரத்துக் கல்கணரும் கலி பிறந்து 653 ஆண்டுகளுக்குப் பின்னரே பாண்டவர் வாழ்ந்தனர் என்றார். இக்காலத்தில் கணினியில் வானத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் கி.மு. 3067 என்றும், மற்றொருவர் கி.மு. 5561 என்றும் முடிவு கண்டனர். கணினி பிழை செய்யவில்லை. எந்த வரியை மெய்யெனக் கொள்வது, எதனை விடுவது என்ற தெரிவு ஆய்வாளருடையது. அத்தெரிவுக்கு ஏற்ப ஆண்டு மாறுகிறது.

சாமிக்கண்ணுப் பிள்ளையின் பாடம்

இவ்வகை ஆராய்ச்சியில் தமிழருள் தலைசிறந்தவர் திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் வெளிவந்த அவருடைய பஞ்சாங்கத் தொகுதிகள், பல நூற்றாண்டுகளின் திதி, வாரம், விண்மீன் ஆகியவற்றை நாள்தோறும் கணித்துக் காட்டுவன. தென்னாட்டுக் கல்வெட்டுகளின் காலத்தை வரையறுப்பதற்கு அவை பேருதவி புரிந்தன. அரசனின் ஆட்சியாண்டோடு திதியும் கிழமையும் விண்மீனும் ஒருங்கே பொறித்த கல்வெட்டில் ஒன்றை மற்றொன்றால் சோதிக்கலாம்.

அதே முறையை அவர் இலக்கியத்திலும் செலுத்தினார். சிலப்பதிகாரத்தின் காலக் குறிப்புகளைக் கொண்டு கி.பி. 756 என்றும், பரிபாடலின் பதினோராம் பாடலைக் கொண்டு கி.பி. 634 என்றும் கணித்தார். கணிதத்தில் அவரை வெல்வார் அரியர். எனினும் அறிஞர் பலர் இம்முடிவுகளை ஏற்கவில்லை. கல்வெட்டு நிகழ்ந்த நாளை நிகழ்ந்தபோதே பொறித்தது. காப்பியப் புலவனோ கதைக்கு ஏற்ற நாளை அமைத்துக்கொள்ளும் உரிமை உடையவன். ஒரே கருவி கல்லில் தைத்துச் சொல்லில் வழுக்கியதற்குக் காரணம் அதுவே.

மூன்றரை நாழிகை

நிலவைக் கணிப்பதில் தமிழர் பெற்றிருந்த தேர்ச்சி சிறிதன்று. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் நிலவின் நாள்நடையை எழுத்துக்களில் மறைத்து மனப்பாடமாக்குவன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அவற்றால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இருந்த ஜான் வாரன் என்பவர், தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு எழுதிவைத்தார். 1825இல் வெளியான அவர் நூலில் உள்ள அக்குறிப்பை வானநூல் வரலாற்றாசிரியர் நியூகெபாவர் 1952இல் ஆராய்ந்து, அதன் பழமையை உலகறியச் செய்தார்.

அத்தகைய பஞ்சாங்கமும் கணித்த ஊருக்கே முற்றும் உரியது. திதி முடியும் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றே. ஆனால் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். உதயமோ ஊருக்கு ஊர் வேறுபடும். சென்னைக்கும் கோலா தெர்லாவுக்கும் இடையே கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 பாகை உண்டு. பாகைக்கு நான்கு நிமிடமாக, மலையில் சூரியன் 84 நிமிடம் முந்தி எழுகிறான். நாழிகைக்கு 24 நிமிடம். எனவே இடைவெளி மூன்றரை நாழிகை. சென்னையில் உதயாதி பத்து நாழிகைக்கு முடியும் திதி, மலையில் பதின்மூன்றரை நாழிகைக்கு முடியும். அந்த 84 நிமிட இடைவெளிக்குள் ஒரு திதி முடியுமானால், உதயத் திதியே இரண்டு ஊர்களிலும் வேறாகிவிடும். சராசரியாகப் பதினேழு நாளுக்கு ஒருமுறை இது நிகழக்கூடும். சிராத்தத்துக்குப் பிற்பகலில் நிற்கும் திதியைக் கொள்வர். அங்கும் இதே வேறுபாடு எழும்.

கடிகாரம் இதனை மேலும் சிக்கலாக்கியது. மலாயாவின் நேரம் 1941இல் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியதாக இருந்தது. 1942இல் சப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தி ஒன்பது மணியாக்கினர். 1945இல் பழைய நேரம் திரும்பிற்று. 1982 சனவரி முதல் நாளில் அது எட்டு மணியாயிற்று. எனவே 1981இல் பிறந்தவருக்கு இந்திய நேரத்தோடு இரண்டு மணி வேறுபாடும், 1982இல் பிறந்தவருக்கு இரண்டரை மணி வேறுபாடும் கொள்ள வேண்டும். சப்பானியர் காலத்தில் பிறந்தவரின் பதிவுநேரத்தைப் பழைய நேரமென்று கொண்டால் ஒன்றரை மணி பிசகும். இலக்கினம் இரண்டு மணிக்கு ஒன்றாக மாறுவது. ஆகவே, கடிகாரத்தின் வரலாறு அறியாமல் எழுதிய சாதகத்தில் இலக்கினமே வேறாகலாம்; சில வேளை பிறந்த விண்மீனும் மாறலாம். அதை நம்பிப் பெண் கொடுத்தவரும் மறுத்தவரும் இருக்கக்கூடும்.

வானத்தின் தோற்றமும் இம்மலையில் வேறு. கோலா தெர்லா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகை அளவில் இருப்பதால், துருவ மீன் தொடுவானத்துக்கு மேல் அவ்வளவு உயரமே நிற்கும். சுற்றிலும் மலை உள்ள இடத்தில் அது கண்ணில் படுவது அரிது. அகத்திய மீனோ சென்னையில் தோன்றுவதைவிட எட்டுப் பாகை உயர்ந்து தோன்றும். பிறை பல மாதங்களில் படகுபோல் மல்லாந்து கிடக்கும். மணமக்களுக்குக் காட்டும் அருந்ததி மட்டும் போதிய உயரத்தில் வந்து போகிறாள். அதே விண்மீன்கள், அதே நிலவு. பார்க்கும் இடம்தான் வேறு.

பாரதத்தை ஆராய்ந்தவர் பிழைத்த இடமும், தோட்டத்தில் பஞ்சாங்கம் பார்த்தவர் பிழைத்த இடமும் ஒன்றே. வானத்தோடு ஒத்துப் பாராமல் ஏட்டை மட்டும் நம்பியதே அப்பிழை. பலராமனின் நாற்பத்திரண்டு நாளும், ரோகிணியின் காதலும் இன்றும் மெய்யாகக் காரணம், எவரும் தலைநிமிர்ந்து அவற்றைச் சரிபார்க்கலாம் என்பதே. மலேசியாவுக்கென்று திருத்திக் கணித்த பஞ்சாங்கங்கள் இப்போது கிடைக்கின்றன. கணினியில் எந்த ஊருக்கும் உதயத்தையும் திதியையும் நொடியில் அறியலாம். கடல் கடந்து வந்த பாட்டனும் பாட்டியும் இம்மலையிலேயே மண்ணாயினர். அவர்களுக்கு நீர் வார்க்கும் நாளை, அவர்கள் கண்மூடிய மலையின் மேல் எழுகிற சூரியனைக் கொண்டு எண்ணுவதே முறை.